வாட்ச் ஸ்கோரும் வராத தூக்கமும்: கேள்வி பதில்

தூக்கத்தை அளக்கும் வாட்ச், மோதிரம், ஃபோன் ஆப் ஆகியவற்றால் நிம்மதி கெட்டவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தூக்க ஆய்வகத்தில் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். ஊர் தூங்குவதை விடிய விடியத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. மருத்துவர் இல்லை. அதனால் மாத்திரைப் பெயர் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்குப் பதில் வராது.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): அக்கா, எனக்கு வயது 34. தினமும் ஆழ்தூக்கம் 40, 45 நிமிஷம்தான் என்று வாட்ச் காட்டுகிறது. ஒன்றரை மணி நேரமாவது வேண்டும் என்று யூடியூபில் சொன்னார்கள். காலையில் எழும்போது நன்றாகத்தான் இருக்கும். அந்த கிராஃபைப் பார்த்த பிறகு ஆபீஸில் நாள் முழுக்க அசதி. மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: "எழும்போது நன்றாகத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நின்றுவிடலாம். ஆனாலும் அந்த 40 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆழ்தூக்கம் என்பதை மூளை அலையை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஒருவர் வந்தால் மண்டையில் பல இடங்களில் பசை தடவி மின்முனை ஒட்டுவோம். கண் ஓரங்களில், தாடையில், முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் தனித்தனியாக ஒட்டுவோம். மார்புக்கும் வயிற்றுக்கும் ஆளுக்கொரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். எல்லாம் மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஓடிவிடும். "இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், காலை அசையுங்கள்" என்று சொல்லி ஒவ்வொரு கோடும் சரியாக ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விளக்கை அணைப்போம். மறுநாள் அந்தப் பதிவை 30 நொடிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம். ஒரு பக்கத்தில், 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயர்ந்த மெதுவான அலைகள் குறைந்தது 6 நொடிக்கு இருந்தால்தான் அது ஆழ்தூக்கம். இத்தனையையும் வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஒரே பதிவைப் படித்தால்கூட, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பக்கத்துக்கு இருவரும் வேறு வேறு பதில் எழுதுவார்கள்.

உங்கள் வாட்ச் மூளைப் பக்கமே போவதில்லை. கை அசைகிறதா என்று பார்க்கிறது. அடியில் எரியும் பச்சை வெளிச்சத்தை வைத்து நாடித்துடிப்பையும், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்கிறது. இவற்றை வைத்து "இது ஆழ்தூக்கமாக இருக்கலாம்" என்று ஒரு ஊகம் போடுகிறது. மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதில் ஓரளவு நம்பலாம். அதிலும், அசையாமல் கண்ணை மூடி விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். தூக்கத்தின் நிலைகளைப் பிரிப்பதில்தான் எல்லாக் கருவியும் தடுமாறுகிறது.

பெரியவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் சுமார் 13 முதல் 23 சதவீதம் ஆழ்தூக்கம் என்பது வழக்கமான அளவு. வயது ஏற ஏற அது குறையும். ஏழு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி ஒன்றரை மணி நேரம் சொச்சம் வரை வரும். வாட்ச் 40 காட்டினால் உண்மையில் 70 ஆக இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து மூளையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது.

இப்போது அசதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் கொலராடோ கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டினா டிராகனிச், கிறிஸ்டி எர்டல் இருவரும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஏதோ கருவியை மாட்டுவது போல மாட்டி, "நேற்று உங்கள் கனவுத் தூக்கம் 28.7 சதவீதம், பிரமாதம்" என்று சிலரிடமும், "16.2 சதவீதம்தான், குறைவு" என்று சிலரிடமும் சொன்னார்கள். இரண்டுமே கட்டிவிட்ட எண்கள். பிறகு எண்களைக் கூட்டிச் சொல்லும் ஒரு தேர்வு வைத்தார்கள். குறைவு என்று கேட்டவர்கள் மோசமாகச் செய்தார்கள். உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்று அவர்களே சொன்னதற்கும் மதிப்பெண்ணுக்கும் அவ்வளவு தொடர்பு இல்லை. உங்கள் ஆபீஸ் அசதியும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இது ஒரு வியாதியா? இதற்குப் பெயர் இருக்கிறதா?

பதில்: பெயர் இருக்கிறது, ஆர்த்தோசோம்னியா. கெல்லி பேரன், சாப்ரா ஆபட் முதலானோர் 2017இல் மூன்று பேரின் கதையை எழுதி இந்தப் பெயரை வைத்தார்கள். அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் இது இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒரு பெண்மணியை என்னால் மறக்க முடியாது. ஆய்வகத்தில் இரவு முழுக்கப் பதிவு செய்து, ஆழ்தூக்கம் நன்றாகவே வந்திருக்கிறது என்று சொன்ன பிறகும், "அப்படியென்றால் என் ஃபிட்பிட் ஏன் நான் சரியாகத் தூங்கவில்லை என்கிறது?" என்று கேட்டாராம். இதே கேள்வியை நம் ஊர்த் தமிழிலும் கேட்டிருக்கிறேன். 960 பக்க மூளைப் பதிவைவிடக் கையில் கட்டியிருப்பதன் மேல் நம்பிக்கை அதிகம். தினமும் பார்ப்பது அதைத்தானே.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், பெங்களூரு): அளக்காத எதையும் மேம்படுத்த முடியாது என்பது எங்கள் துறையில் பாலபாடம். துல்லியம் குறைவு என்பதற்காக டேட்டாவே வேண்டாம் என்பது பிற்போக்கு இல்லையா? ஆப் வந்த பிறகுதான் எனக்குத் தூக்கத்தின் அருமையே தெரிந்தது.

பதில்: உங்களுக்கு உதவியிருந்தால் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குப் படுத்துக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பதினோரு மணிக்கு மாறினார் என்றால் அந்த ஆப்புக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. நான் சொல்வது உங்களைப் போன்றவர்களைப் பற்றி அல்ல.

பாலபாடத்தில் மட்டும் ஒரு சிக்கல். எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று எவ்வளவு கவலைப்பட்டாலும் முள் நகராது. தூக்கம் அப்படி இல்லை, கவனித்தால் மாறும். படுத்த பிறகு "இன்று ஸ்கோர் 85ஐத் தாண்ட வேண்டும்" என்று நினைத்தாலே போதும், உடம்பு வேலைக்குத் தயாராகிவிடும். நாடி ஏறும், காது கூர்மையாகும். தூக்கமின்மையை ஆராய்ந்த காலின் எஸ்பி இதை மூன்று படியாகச் சொல்வார். முதலில் தூக்கத்தின் மேல் கவனம், அப்புறம் தூங்கியே ஆக வேண்டும் என்ற தீர்மானம், அப்புறம் அதற்கான முயற்சி. நன்றாகத் தூங்குகிறவரிடம் "எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "படுப்பேன், தூங்கிவிடுவேன்" என்பார். அவரிடம் எந்த உத்தியும் இருக்காது.

டேட்டா தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தூக்கமின்மை உள்ள 63 பேருக்குக் கையில் கருவி கட்டி, அது சொன்னதாகப் பொய்யான முடிவைக் கொடுத்தார்கள். 2018இல் வெளியானது. மோசம் என்று கேட்டவர்களுக்கு அன்று சுறுசுறுப்பு குறைந்தது, மனம் வாடியது, மாலையில் தூக்கக் கலக்கம் கூடியது. எல்லாருக்கும் முந்தைய இரவு முடிந்துபோன இரவுதான். காலையில் பார்த்த திரைதான் வேறு.

கேள்வி (சேலம்): நானும் என் கணவரும் வேறு வேறு கம்பெனி வாட்ச் கட்டுகிறோம். சந்தேகம் வந்து ஒரு நாள் நானே இரண்டையும் இரண்டு கையில் கட்டிப் படுத்தேன். ஒன்று 88, இன்னொன்று 67. எது சரி?

பதில்: இரண்டும் சரி, இரண்டும் தப்பு. ஸ்கோர் என்பது அளந்த பொருள் இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த மாதிரி போட்டுக்கொண்ட மார்க் திட்டம். ஆப்பிள் 2025இல் கொண்டுவந்த ஸ்கோரில் தூங்கிய நேரத்துக்கு 50, படுக்கும் நேரம் ஒழுங்காக இருப்பதற்கு 30, இடையில் விழிப்பதற்கு 20. ஆழ்தூக்கத்துக்கு அதில் மார்க்கே கிடையாது. ஃபிட்பிட் கணக்கில் ஆழ்தூக்கம், கனவுத் தூக்கம், இரவு நாடித்துடிப்பு எல்லாம் வரும். இரண்டு வாத்தியார் இரண்டு வினாத்தாள் வைத்தால் மார்க் எப்படி ஒன்றாக வரும்? இரண்டையும் கட்டிப் பார்த்தீர்களே, அது நல்ல காரியம். பயம் பாதி தெளிந்திருக்குமே.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, தம்பி இந்த வருஷம் ஏ.எல். (உயர்தர) சோதனை எடுக்கிறான். ஃபோனைத் தலையணைக்குக் கீழ வைச்சு நித்திரை ஆப் போடுறான். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைஞ்சால் அண்டைக்குப் படிச்சது மண்டைக்குள்ள ஏறாது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான். சோதனைக்கு முதல் நாள் நித்திரை வராட்டில் என்ன செய்யிறது எண்டு இப்பவே பயம். அம்மா பேசிப் பார்த்திட்டா, கேக்கிறானில்லை.

பதில்: தங்கச்சி, முதலில் தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுக்கச் சொல்லுங்கள். சூடேறும், ஆபத்து. அந்த வகை ஆப் மெத்தை ஆடுவதையும் அறையில் கேட்கும் சத்தத்தையும் வைத்துத்தான் கணிக்கிறது. பக்கத்தில் யாராவது புரண்டு படுத்தாலும் அது தம்பியின் கணக்கில் விழும்.

அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் என்பது நிபுணர்களின் பரிந்துரை. ஆகவே தூக்கம் முக்கியம் என்று அவன் நினைப்பதில் பிழை இல்லை. ஆனால் அது மாதக்கணக்கில் ஓடும் பழக்கத்துக்கான அளவு. ஒரு இரவு ஐந்து மணி நேரமே தூங்கிவிட்டுப் போய் நன்றாக எழுதியவர்கள் எத்தனையோ பேர். சோதனைக்கு முதல் நாள் பெரும்பாலானோருக்கு நித்திரை சரியாக வராது. அது உடம்பு உஷாராக இருப்பதன் அடையாளம், படித்தது அழிந்துபோவதில்லை. இதை அம்மா சொல்வதைவிட, ஏ.எல். முடித்த யாராவது ஒரு அண்ணன் சொன்னால் ஏறும்.

பேசித் திருத்தப் பார்க்காதீர்கள். பேரம் பேசுங்கள். சோதனை முடியும் வரை ஆப்பை அழித்துவிட்டு, ஒரு சாதாரண அலாரம் மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள். ஃபோன் இரவில் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு வேண்டுமானால் அவனே திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வான்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்): அமெரிக்காவிலிருக்கும் மகன் ஒரு மோதிரம் வாங்கி அனுப்பியிருக்கிறான். வயது 67. என் தூக்கம் அவனுடைய ஃபோனில் தெரிகிறதாம். காலையில் காபி குடிப்பதற்குள் போன் வந்துவிடும். "ஏன்பா மூன்று மணிக்கு எழுந்தீர்கள்? ஆழ்தூக்கம் 20 நிமிஷம்தானே?" நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், அம்மா. இப்போது அவன் கேட்பானே என்று மூன்று மணிக்கு எழவே பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை இப்படிக் கேள்வி கேட்டிருப்பீர்கள்!

உங்கள் வயதில் ஆழ்தூக்கம் குறைவது இயல்பு, நரை மாதிரி. இரவில் ஒரு முறை சிறுநீர் கழிக்க எழுவதும், அதிகாலையில் சீக்கிரம் விழிப்பு வருவதும் அப்படித்தான். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லா வயதினருமே லேசாக விழிக்கிறோம். இளவயதில் அது நினைவில் நிற்பதில்லை. எழுந்து போய்விட்டு வந்து மறுபடி தூங்கிவிடுகிறீர்களா? பகலில் தெளிவாக இருக்கிறீர்களா? அப்படியென்றால் மகனிடம் "நீ கேட்பதால்தான் எனக்குத் தூக்கம் போகிறது" என்று நேராகச் சொல்லுங்கள். ஆப்பில் பகிர்வதை நிறுத்த முடியும். அவருக்குக் கவலை உங்கள் உடல்நிலை பற்றி, பிரிந்து இருப்பதால் கையில் கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். காலையில் போன் வரட்டும், தூக்கத்தை விட்டுவிட்டு வேறு பேசச் சொல்லுங்கள். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்காக எழுகிறீர்கள் என்றால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, புராஸ்டேட், குறட்டையோடு வரும் மூச்சுத் தடை என்று பல காரணம் இருக்கலாம்.

கேள்வி (மதுரை): மேடம், எனக்கு நேர்மாறான பிரச்சனை. கணவர் பயங்கரமாகக் குறட்டை விடுவார். நடுவில் சத்தமே நின்று, அப்புறம் மூச்சுத் திணறி உதறிக்கொண்டு எழுவார். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் வாட்சைக் காட்டுகிறார்: "பார், 90. நான் நன்றாகத் தூங்குகிறேன்."

பதில்: இந்தக் கேள்விக்காக மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைக்கலாம். நீங்கள் சொன்னது அத்தனையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அடையாளம். அப்னியா என்பார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை ஒரு நொடி உசுப்பிவிடும், மறுபடி மூச்சு வரும். இப்படி அடைபடுவது ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறைக்குக் கீழே இருந்தால் இயல்பு, முப்பதைத் தாண்டினால் கடுமை. அந்த விழிப்பு சில நொடிதான், அவருக்கே தெரியாது. மொத்தம் எட்டு மணி நேரம் படுத்திருந்தார், பெரிதாக எழவில்லை என்பதால் வாட்ச் 90 போடுகிறது.

2024இல் சாம்சங், ஆப்பிள் இரண்டுக்கும் அப்னியா அறிகுறியைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அனுமதி கொடுத்தது. அப்படி எச்சரிக்கை வந்தால் கண்டிப்பாகப் போய்ப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அது நோயை உறுதி செய்யும் சோதனை அல்ல.

பக்கத்தில் படுத்திருக்கும் நீங்கள்தான் இப்போதைக்கு அந்த வீட்டில் இருக்கும் சிறந்த கருவி. மூச்சு நின்று திணறுவதை ஃபோனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அவருக்கே போட்டுக் காட்டுங்கள். நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அதையே காட்டுங்கள். ரத்த அழுத்தம் இருக்கிறதா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்று கேட்டு, வீட்டிலோ ஆய்வகத்திலோ சோதனை எழுதிக் கொடுப்பார். அதுவரை அவர் நெடுந்தூரம் வண்டி ஓட்ட வேண்டாம். இதில் சமரசம் இல்லை.

கேள்வி (நைட் ஷிப்ட், சென்னை): காலை ஏழு மணிக்குத்தான் தூங்கவே போவேன். வாட்ச் அதைக் குட்டித் தூக்கம் என்று போட்டு, ஸ்கோர் 30, 40 கொடுக்கிறது. மனசு உடைகிறது.

பதில்: நானும் உங்கள் ஜாதிதான். பல கருவிகள் இரவில்தான் மனிதன் தூங்குவான் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. ஆப்பில் உங்கள் தூக்க நேரத்தை மாற்றி அமைக்க வழி இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்கோரைப் பார்ப்பதையே விடுங்கள். அறையை இருட்டாக்குவது, வீட்டுக்குப் போகும் வழியில் வெயில் கண்ணாடி, ஷிப்டின் பின்பாதியில் காபியைத் தவிர்ப்பது ஆகியவை உங்களுக்கு அந்த எண்ணைவிட உதவும். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

கேள்வி (தஞ்சாவூர்): பச்சை வெளிச்சம் இரவெல்லாம் தோலில் படுகிறதே, கேன்சர் வருமா?

பதில்: வராது. அது சாதாரண எல்.இ.டி. வெளிச்சம். பட்டையைக் கழுவாமல் கட்டினால் அரிப்பு வரும், அவ்வளவுதான்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஸ்கோர் ஏற வேண்டும் என்பதற்காக இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். பன்னிரண்டு வரை தூக்கம் வராது. ஆறு மணிக்கு எழுகிறேன். சீக்கிரம் படுக்கப் படுக்க இன்னும் மோசமாகிறது. நாலைந்து மாதமாக இப்படி. என்னதான் செய்வது?

பதில்: இந்த வகைக் கேள்விதான் அதிகம் வந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல், பகலையும் பாதிக்கும்படி தூக்கம் வராவிட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். உங்களுடையது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. எதனாலோ தொடங்குகிறது, ஒரு வேலைப் பிரச்சனை, ஒரு காய்ச்சல். தொடங்கிவைத்த காரணம் போன பிறகும் அதை நீடிக்க வைப்பது பெரும்பாலும் நாம் சரி செய்யப் போய்ச் செய்கிற காரியங்கள்தான். சீக்கிரம் படுப்பது அதில் முதல் இடம். உங்கள் உடம்புக்கு ஒன்பது மணிக்குத் தூக்கப் பசியே எடுத்திருக்காது. மூன்று மணி நேரம் புரண்டு புரண்டு, அந்தக் கட்டிலே விழித்துக் கிடக்கும் இடமாகிவிடுகிறது. சோபாவில் டிவி பார்க்கும்போது கண் சொக்கும், கட்டிலுக்குப் போனதும் முழிப்பு வந்துவிடும். உங்களுக்கும் அப்படித்தானே?

இதற்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, அது மருத்துவர்களின் சங்கம்) 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, சி.பி.டி.ஐ. என்ற நடத்தைச் சிகிச்சையை. அதில் முக்கியமான பகுதி, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஒன்பது மணி நேரம் படுத்து ஆறு மணி நேரம் தூங்குகிறீர்களா? அப்படியானால் படுக்கை ஆறு மணி நேரத்துக்கு மட்டும்தான். பன்னிரண்டுக்குப் படுத்து ஆறுக்கு எழ வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறு. பகலில் தூங்கக் கூடாது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால், எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சலிப்பான வேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்ப வர வேண்டும். ஒரு வாரத்தில் படுத்திருக்கும் நேரத்தில் 85, 90 சதவீதம் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு 15. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது.

முதல் வாரம் கடுப்பாக இருக்கும், பகலில் தள்ளாடும். வாட்ச் கட்டியிருந்தால் ஸ்கோர் அதலபாதாளத்துக்குப் போகும். அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனவே இந்தக் காலத்தில் கருவியைக் கழற்றிவிடுங்கள். ஒரு நோட்டில் காலையில் தோராயமாக எழுதினால் போதும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறக்குறைய எப்போது தூங்கியிருப்பேன், எப்போது எழுந்தேன். இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது. வலிப்பு, இருமுனை மனநோய், தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களும், தொழிலுக்காக வண்டி ஓட்டுபவர்களும், உயரத்தில் வேலை செய்பவர்களும் தாங்களாக இதைச் செய்யவே கூடாது. மற்றவர்களும் பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல மருத்துவரோ கூட இருந்தால் நல்லது.

கேள்வி (சிங்கப்பூர்): மூணு மணிக்கு முழிப்பு வந்தால் கை தானாக வாட்சைத் திருப்பிப் பார்க்கிறது. "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்று கணக்குப் போட ஆரம்பித்தால் போச்சு.

பதில்: அந்தக் கணக்குதான் உங்களை எழுப்பி உட்கார வைக்கிறது. வாட்சை ஹாலில் சார்ஜுக்குப் போட்டுவிடுங்கள், படுக்கையறைக் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். அலாரம் அடிக்கும்வரை மணி என்னவென்று உங்களுக்குத் தெரியத் தேவையில்லை.

கேள்வி (வேலூர்): மூன்று மாத கிராஃபையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

பதில்: புரட்டியாவது பார்த்திருக்கலாம், அது மரியாதை. ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தக் கருவிகளை வைத்து நோயைக் கண்டறியவோ சிகிச்சையை முடிவு செய்யவோ கூடாது, பேச்சைத் தொடங்க உதவலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018இலேயே சொல்லிவிட்டது. அடுத்த முறை நிலைகள் போட்ட வண்ண கிராஃபை விட்டுவிடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டும் உள்ள ஒரே ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, பகலில் என்ன கஷ்டம் என்று வாயால் சொல்லுங்கள்.

கேள்வி (பலர்): அப்போ வாட்சைத் தூக்கிப் போடவா? இருபத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கியது.

பதில்: வேண்டாம். நடையை எண்ணட்டும், ஃபோன் வந்தால் அதிரட்டும். இரவில் மட்டும் இரண்டு வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள். கழற்ற மனசே வரவில்லை, கழற்றிய இரவு பதற்றமாக இருக்கிறது என்றால் கழற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

தொடர்ந்து கட்டுபவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். எழுந்ததும் ஆப்பைத் திறக்கும் முன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு மார்க் நீங்களே போடுங்கள். பிறகு பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் உங்கள் மார்க்தான் செல்லும். தினசரி ஸ்கோரைப் பார்க்காமல் மாதம் ஒரு முறை படுக்கும் நேரம் தாறுமாறாகப் போகிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்குக் கருவியால் கெடுதல் இல்லை, லாபம்கூட உண்டு.

கேள்வி (ஈரோடு): எனக்கு அடுத்த வாரம் ஆய்வகத்தில் சோதனை எழுதியிருக்கிறார்கள். இத்தனை ஒயரோடு அங்கே தூக்கமே வராவிட்டால் பணம் வீணா? என் வாட்சைக் கட்டிக்கொண்டு வரலாமா?

பதில்: புது இடத்தில் முதல் இரவு யாருக்கும் தூக்கம் கொஞ்சம் கெடத்தான் செய்யும், அதைக் கணக்கில் வைத்துத்தான் படிப்போம். தூங்கவே இல்லை என்று காலையில் சத்தியம் செய்பவர்கள்கூடப் பதிவில் நாலைந்து மணி நேரம் தூங்கியிருப்பார்கள். அவ்வளவு இருந்தாலே பெரும்பாலும் போதும். வாட்ச் கட்டிக்கொள்ளலாம், ஆனால் நாங்கள் அதைப் பார்க்க மாட்டோம், நீங்களும் ரிப்போர்ட் வரும்வரை பார்க்காதீர்கள். அன்று பகலில் தூங்க வேண்டாம், மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வீட்டுத் தலையணை இல்லாமல் முடியாது என்றால் எடுத்து வாருங்கள். தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள். எண்ணெய்த் தலையில் மின்முனை ஒட்டாது, ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்பி மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.